போன் வராத இரண்டு நாள்

ஜினெட் கையால் ஆம்லெட் சாப்பிடாமல் எங்கள் மேட்டுக் காலேஜில் எவனும் பட்டம் வாங்கியதில்லை. பத்தொன்பது வருஷம். இன்றைக்கு பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வக்கீல், டாக்டர் என்று கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் கசங்கிய பைஜாமாவோடு, தலைகூட வாராமல், அவள் அடுப்பு முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு நின்றவர்கள்தான். யாருக்கு வெங்காயம் ஆகாது, யாருக்கு மஞ்சள் கரு வேண்டாம், யார் நேற்று முழுக்க அழுதிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குப் பார்த்தவுடன் தெரியும். அழுதவர்களுக்குச் சீஸ் கொஞ்சம் தாராளமாக விழும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

நான் டாட்டி. அதே கட்டடத்தில் மாடியில், பேராசிரியர்கள் மதியம் சாப்பிடும் அறையில் பரிமாறுகிறவள். பெரிய படிப்பு படித்தவர்களுக்கு சூப் ஊற்றுவது என் வேலை. ஒரு கிண்ணம் சூப் ஆறிவிட்டதா, சுடுகிறதா என்று வாயில் வைத்துப் பார்க்காமல் தெரிந்துகொள்ளத் தெரியாத மனிதர்கள். ஆனால் பேச்சு மட்டும் வண்டி வண்டியாக இருக்கும். அந்தப் பேச்சில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டுபோய்க் கீழே ஜினெட்டிடம் கொடுத்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன். என் நாக்கை அன்றைக்கு நானே கடித்துத் துப்பியிருக்கலாம்.

ஜினெட் ஆற்றங்கரைப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கம்பெனியை மூடியபோது அவளுக்கு வயது இருபத்துநாலு. வேறு வழியில்லாமல் மேட்டுக்கு ஏறி வந்து பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். சேர்ந்த ஒரு மாதத்திலேயே ஆம்லெட் அடுப்பைக் கொடுத்துவிட்டார்கள். முட்டையை ஒரே கையால் உடைத்து ஓடு விழாமல் ஊற்றுவாள். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. புதிதாகச் சேர்ந்த பையன்கள் அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே வரிசையில் நிற்பார்கள்.

மகள் ஆடெல் பிறந்தாள். புருஷன்காரன் ஃப்ளோரிடாவுக்கு வேலை தேடிப் போனான். வேலை கிடைத்தது என்று ஒரு கார்டு வந்தது. அப்புறம் கார்டும் இல்லை, அவனும் இல்லை. அந்த வருஷம்தான் மருத்துவமனைச் சமையல்கட்டில் தலைமைச் சமையல்காரி வேலை ஜினெட்டைத் தேடி வந்தது. நல்ல சம்பளம், நின்று வேலை பார்க்க வேண்டியதில்லை, ஞாயிறு லீவு. போயிருந்தால் அவள் முட்டி இப்படிப் பாழாகியிருக்காது.

"போடி, யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று நான் கத்தினேன்.

"இங்க ஏழு வருஷம் வேலை பார்த்தா பிள்ளைக்கு படிப்பு இலவசம் டாட்டி. காலேஜ்ல எடம் கிடைச்சாப் போதும், நாலு வருஷமும் காசு கிடையாது."

"உன் பிள்ளை இன்னும் மூக்குல விரல் விட்டுட்டு இருக்குடி. அது காலேஜ் வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் கிழவிங்க."

"அப்ப கிழவியாகிட்டுப் போறேன்," என்றாள் ஜினெட்.

அவள் அந்த அடுப்பு முன்னால் நின்றது சம்பளத்துக்காக இல்லை. ஆடெலுக்காக. இதை மேட்டிலிருந்த எவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நடுவில் ஆறு வருஷத்துக்கு முன்னால் சமையல்கட்டு முழுவதையும் ஒரு வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் சம்பளச் சீட்டில் காலேஜ் பெயர் போய் அந்தக் கம்பெனியின் பெயர் வந்தது. பழைய ஆட்களுக்கு மட்டும் பிள்ளைப் படிப்புச் சலுகை தொடரும் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஜினெட் அந்தக் காகிதத்தைப் பைபிளுக்குள் வைத்திருந்தாள்.

ஆடெலைப் பற்றி நான் அளக்கமாட்டேன். என் பெண் இல்லை, இருந்தாலும் அளக்கவே தோன்றும். பள்ளியில் இரண்டாவது இடம். சனி ஞாயிறு மளிகைக் கடையில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுப்பாள். குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க நகராட்சிக்காரன் கொட்டுகிற உப்பு, ரோட்டோரத்து வீடுகளின் கிணற்றில் இறங்குகிறது என்று யாரோ சொல்ல, பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கருவியை இரவல் வாங்கிக்கொண்டு நாற்பத்தொரு வீட்டுக் கிணற்றை இரண்டு வருஷம் அளந்தாள். என் வீட்டுக் கிணறு பதினேழாவது. "டாட்டி ஆன்ட்டி, உங்க தண்ணியில பாஸ்தா வேகவெச்சா உப்பே போட வேணாம்," என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனாள். காலேஜுக்குப் போட்ட கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

"என்னைப் பத்தி எழுதுவான்னு பார்த்தேன். உப்பைப் பத்தி எழுதிருக்கா," என்று ஜினெட் முறையிட்டாள்.

"உன்னைவிட உப்பு உபயோகம்டி," என்றேன்.

காலேஜுக்குப் பிள்ளைகள் மனுப்போட இங்கே இரண்டு வழி உண்டு. பத்து காலேஜுக்குப் போட்டுவிட்டு வசந்தகாலம்வரை காத்திருப்பது ஒன்று. இன்னொன்று ஏர்லி. ஒரே ஒரு காலேஜுக்கு, நவம்பர் முதல் தேதிக்குள், 'என்னை எடுத்தால் கண்டிப்பாக வருவேன், வேறு எங்கும் போகமாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பிள்ளை ஒரு கையெழுத்து, பெற்றவர் ஒரு கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் ஒரு கையெழுத்து. கல்யாணத்துக்குக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு உறுதி கேட்பதில்லை. ஆடெல் வேறு எங்கே போடுவாள்? மேட்டுக்குத்தான் போட்டாள். டிசம்பர் பதினாலு, வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்குப் பதில் என்று சொல்லியிருந்தார்கள்.

நவம்பரில் ஜினெட் ஒழுங்காகத்தான் இருந்தாள். டிசம்பர் பிறந்ததும் முட்டை ஓடு ஆம்லெட்டில் விழ ஆரம்பித்தது. சமையல்கட்டு மேற்பார்வை பார்க்கும் வெர்ன், "ஜினெட், கால்சியம் தனியாப் போட வேணாம், பசங்க பால் குடிக்கிறாங்க," என்று கிண்டல் செய்தான். அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை மாடியில் பேராசிரியர் ஹெட்லியும் புதிதாக வந்த ஒரு பேராசிரியரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புதியவருடைய மகனும் ஏர்லி போட்டிருந்தானாம். மனிதர் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்கவே இல்லை.

ஹெட்லி சொன்னார்: "பயப்படாதீங்க. விட்காம் நல்ல மனுஷன். நம்ம ஆளுங்க பிள்ளைக்கு இல்லன்னு ஆச்சுன்னா, பிள்ளை முன்னாடி நமக்கு அதிர்ச்சி ஆகக் கூடாதுன்னு ரெண்டு நாள் முன்னாடியே அவரே போன் பண்ணிச் சொல்லிடுவார். செவ்வாயும் புதனும் கூப்பிடுவார். என்னை ரெண்டு வருஷம் முன்னாடி கூப்பிட்டார், பாவி. புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள போன் வரலன்னா கேக் வாங்கிடுங்க."

விட்காம் என்றால் அட்மிஷன் டீன். யாரை எடுப்பது, யாரை விடுவது என்பது அவர் அறையில்தான் முடிவாகும். நான் ஹெட்லியின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூப்பை ஊற்றிவிட்டு நேரே படியிறங்கினேன்.

ஜினெட் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காதும் காதும் வைத்த மாதிரி சொன்னேன். அவள் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிஜமாவா?"

"ஹெட்லி வாயாலயே கேட்டேன். போன் வந்தா இல்லன்னு அர்த்தம். வரலன்னா பாஸ்."

"எல்லாருக்கும் கூப்பிடுவாரா?"

"நம்ம ஆளுங்கன்னுதான் சொன்னார். நீ யாரு? வழிப்போக்கியா? பத்தொம்பது வருஷம்டி!"

இதைத்தான் சொன்னேன். நம்ம ஆளுங்க என்று ஹெட்லி சொன்னதில் நாங்களும் சேர்த்தி என்று எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

செவ்வாயும் புதனும் ஜினெட் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அடுப்பில் நிற்கும்போது போன் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அவள் ஏப்ரன் பையில் வைத்திருந்தாள். வெர்ன் பார்த்தும் பார்க்காத மாதிரி போனான். செவ்வாய் காலை பத்து மணிக்கு அது அடித்தது. ஜினெட் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். எடுத்தால் மருந்துக்கடை. முட்டிவலி மாத்திரை தயார் என்று ஒரு இயந்திரம் பேசியது. மதியம் மறுபடி அடித்தது. குளிருக்கு வீட்டைச் சூடாக்க எண்ணெய் ஊற்றுகிற கம்பெனி. "அடுத்த வாரம் வந்து ஊத்தட்டுமான்னு கேக்கறான். அவனைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கலாம் போல இருக்கு," என்றாள்.

புதன்கிழமை காலை விட்காமே வந்து வரிசையில் நின்றார். உயரமான மனிதர், எப்போதும் தொளதொள ஸ்வெட்டர். மாதத்தில் நாலைந்து தடவை வருவார். நான் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வருவது மாதிரி பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன்.

"காளானும் ஸ்விஸ் சீஸும், ஜினெட். வழக்கம் போல," என்றார். அவள் சட்டையில் பெயர் குத்தியிருக்கும்.

ஜினெட் ஒரே கையால் முட்டையை உடைத்தாள். அன்றைக்கு ஓடு விழவில்லை. தட்டில் வைத்து நீட்டினாள்.

"இந்த ஊர்லயே நல்ல ஆம்லெட் இதுதான்," என்று சொல்லி, அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஜினெட் என் கையைப் பிடித்து இறுக்கினாள். "பார்த்தியா? கெட்ட சேதி வெச்சிருக்கிறவன் இப்படி மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பானா?"

"சிரிக்கவே மாட்டான்," என்றேன் நான்.

புதன் ஐந்து மணி அடித்தது. போன் அடிக்கவில்லை. இன்னும் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தேகாலுக்கு ஜினெட் ஏப்ரனைக் கழற்றிவிட்டு பால் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷ அழுகை. எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் எழுந்து காலேஜ் கடைக்குப் போய், முன்னால் காலேஜ் முத்திரை போட்ட பச்சை ஸ்வெட்ஷர்ட் ஒன்று வாங்கி வந்தாள். எங்கள் ஊரில் யாரும் பதில் வராமல் அதை வாங்கமாட்டார்கள். வாங்கினால் ஆகாது என்று ஒரு பயம்.

"ஆடெல்கிட்ட சொல்லாதே. நாளைக்கு அவளே பார்த்துக்கட்டும்," என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அவள் சொல்லிவிட்டாள். யார்தான் சொல்லாமல் இருப்பார்கள்? ஒரு மாதமாகச் சாப்பிடாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த பெண் அன்று இரவு இரண்டு தட்டு மக்கரோனி சாப்பிட்டாளாம். ஸ்வெட்ஷர்ட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினாளாம்.

பரீட்சை வாரத்து வியாழக்கிழமை மட்டும் பிள்ளைகளுக்குச் சாயங்காலமும் காலைச் சாப்பாட்டைத்தான் போடுவோம். அது காலேஜ் வழக்கம். அதனால் வியாழன் மாலை ஆறு மணிக்கு ஜினெட் அடுப்பில்தான் நிற்க வேண்டும். வீட்டில் தனியாகத் திறந்து பார்ப்பதாகத்தான் ஆடெல் முதலில் சொல்லியிருந்தாள். இப்போதுதான் போன் வரவில்லையே. அவள் பஸ் ஏறி மேட்டுக்கே வந்துவிட்டாள், அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு. பச்சை ஸ்வெட்ஷர்ட்டில். நான் கேக் வாங்கியிருந்தேன். அதன் மேல் ஆடெல் பெயரைப் பச்சை க்ரீமில் நானே எழுதினேன். பாத்திரம் கழுவுகிறவர்கள், ரொட்டி போடுகிறவர்கள், வெர்ன் எல்லோரும் அடுப்புக்குப் பின்னால் கூடிவிட்டோம். வெர்ன் பத்து நிமிஷம் வரிசையை நிறுத்திவிட்டான். "ஆம்லெட் அடுப்பு கொஞ்ச நேரம் லீவு! யாரும் பசியில செத்துட மாட்டீங்க!" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினான்.

ஆறு மணி ஆனது. ஆடெல் போனில் திறந்தாள். திரையில் ஒரு வட்டம் கொஞ்சம் சுற்றியது. ஜினெட் இரண்டு கையையும் வாய்மேல் பொத்திக்கொண்டு நின்றாள். எழுத்துகள் வந்ததும் ஆடெல் வாசித்தாள். மறுபடி மேலே தள்ளி முதலிலிருந்து வாசித்தாள். அவள் முகம் மாறவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்னடா செல்லம்?" என்றாள் ஜினெட்.

ஆடெல் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கணக்கு தப்பிப்போன பிள்ளை வாத்தியாரைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"யாரும் கூப்பிடலன்னு சொன்னியேம்மா?"

 ஜினெட் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு இல்லை. நான் ஏதாவது விளக்கம் வைத்திருப்பேன் என்று இன்னும் நம்பிக்கொண்டுதான் பார்த்தாள். 

வரிசையில் முன்னால் நின்ற ஒரு பையன், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது, "கங்கிராட்ஸ்!" என்று கைதட்டினான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தட்டினார்கள். வெர்ன் அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். தட்டல் ஓய்ந்தது. ஆடெல் அப்போதும் நல்ல பிள்ளையாக, "பரவாயில்லம்மா, பரவாயில்ல," என்று ஜினெட்டின் முதுகைத் தடவினாள். பிறகு மெல்ல நடந்து குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பின்னாலேயே போனேன். பால் கேன்களுக்கும் முட்டை அட்டைகளுக்கும் நடுவில் அரைக்கை டி-ஷர்ட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஸ்வெட்ஷர்ட்டைக் கழற்றி மடித்து அலமாரி மேல் வைத்திருந்தாள். பல் கிட்டிக்கொண்டது.

"வெளில வாடா கண்ணு. உறைஞ்சு போயிடுவே."

"இங்க யாரும் பார்க்க மாட்டாங்க ஆன்ட்டி," என்றாள். அப்போதுதான் அழுதாள். நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் குளிரில் ஆடினாளா அழுகையில் ஆடினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது வரிசை கதவுவரை நீண்டிருந்தது. ஜினெட் அடுப்பில் நின்றுகொண்டிருந்தாள். வெர்ன் போகச் சொல்லியும் அவள் போகவில்லை. "என்ன போடட்டும்?" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேக்கை யாரும் வெட்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நானே அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் விட்காம் மாடிக்குச் சாப்பிட வந்தார். எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை, வாய்க்குப் பூட்டும் இல்லை. சூப் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவர் முன்னால் போய் நின்றேன்.

"மிஸ்டர் விட்காம், ஒண்ணு கேக்கணும். நம்ம ஆளுங்க பிள்ளைக்கு இல்லன்னா நீங்களே முன்னாடி போன் பண்ணுவீங்களாமே. ஜினெட்டை ஏன் கூப்பிடல?"

"எந்த ஜினெட்?" என்றார்.

"பத்தொம்பது வருஷமா உங்களுக்கு காளான் ஆம்லெட் போடுற ஜினெட்."

ஸ்பூனைக் கீழே வைத்தார். "அவங்க பிள்ளை மனுப்போட்டிருந்துச்சா?"

"ஆடெல். கிணத்து உப்பு அளந்த பொண்ணு."

மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். மெல்லச் சொன்னார்: "உப்புப் பொண்ணு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கடைசி வரைக்கும் மேசையில இருந்த மனு அது. அம்மா வேலை பார்க்கிற இடம்னு எதோ கம்பெனி பேர் இருந்துச்சு. நான் போன் பண்ற லிஸ்ட் காலேஜ் சம்பளப் பட்டியல்லருந்து வரும் டாட்டி. சமையல்கட்டு ஆளுங்க அதுல இல்ல. எனக்கு... எனக்குத் தோணவே இல்ல."

சம்பளச் சீட்டில் என்ன இருந்ததோ அதை ஆடெல் நேர்மையாக எழுதியிருக்கிறாள். பொய் எழுதத் தெரியாத பெண். ஆறு வருஷமாக என் சம்பளச் சீட்டிலும் அதே கம்பெனி பெயர்தான் இருக்கிறது. மாதம் இரண்டு தடவை அதைப் பிரித்துப் பார்க்கிறேன். எனக்கும் தோன்றவில்லை.

"ஜினெட் பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பீங்களா?" என்று கேட்டேன்.

 அவர் சூப்பை முடிக்கவில்லை. எழுந்து கீழே போனார். நானும் போனேன்.

ஜினெட் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். நிஜமாகவே கேட்டார், கண் கலங்கியிருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். கடைசியில், "அடுத்த வருஷத்துலருந்து சமையல்கட்டு ஆளுங்க பேரையும் லிஸ்ட்ல சேர்த்துடறேன் ஜினெட். இது மறுபடி நடக்காது," என்றார்.

"எனக்கு ஒரே பொண்ணுதாங்க," என்றாள் ஜினெட்.

 அவள் மரியாதை தெரிந்தவள். வந்தவரை வெறுங்கையோடு நிற்கவிடக் கூடாது என்றோ என்னவோ, "ஆம்லெட் ஏதாவது போடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் வந்தது. ஜினெட் வழக்கம் போல, மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுடுகிற பை பலகாரம் செய்து எனக்கும் ஒன்று கொடுத்து அனுப்பினாள். ஆடெல்தான் கொண்டுவந்தாள். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் இன்னும் ஆறு இடத்துக்கும் மனுப்போட்டதாகச் சொன்னாள். "எல்லாத்துலயும் அம்மா வேலைன்னு என்ன எழுதறதுன்னு பத்து நிமிஷம் யோசிச்சேன் ஆன்ட்டி," என்றாள். என்ன எழுதினாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜனவரி முதல் வாரம் ஜினெட் வேலையை விட்டாள். வெர்ன் கெஞ்சினான். கேட்கவில்லை. மருத்துவமனையில் தலைமைச் சமையல்காரி வேலை எப்போதோ போய்விட்டது. தட்டு ஏற்றி இறக்குகிற வேலைதான் கிடைத்தது. அதுவும் நின்றுகொண்டேதான். எதற்காக இருக்க வேண்டுமோ அது இல்லாமல் போன பிறகு மேட்டில் ஒரு நாள்கூட நிற்க அவளால் முடியவில்லை.

அவள் போன பத்தாம் நாள் பெரிய பனி கொட்டியது. முட்டி வலியோடு தனியாக வாசல் பனியை வாரிக்கொண்டிருப்பாளே என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் பாதித் தடம் வெட்டியிருந்தாள். உடம்பில் அந்தப் பச்சை ஸ்வெட்ஷர்ட். உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "துணி கனமா நல்லா இருக்குடி. தூக்கிப் போட மனசு வரல. கடையில திருப்பி எடுக்க மாட்டேங்கிறான்," என்றாள்.

ஒரு மாதமாக நான் வயிற்றுக்குள் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். "என்னை மன்னிச்சிடு ஜினெட். நான் ஒரு பைத்தியக்காரி. நல்ல சேதின்னு நெனச்சு..."

"தெரியும். நல்ல சேதின்னு நெனச்சுத்தான் சொன்னே."

"நம்மளையும் சேர்த்துத்தான் சொல்றாங்கன்னு..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." மண்வெட்டியைப் பனியில் ஊன்றி அதன் மேல் சாய்ந்துகொண்டாள்.  பிறகு சொன்னாள்: "இல்லன்னு வந்ததைத் தாங்கிக்குவேன் டாட்டி. ஊர்ல பாதிப் பேருக்கு இல்லன்னுதான் வருது. அந்தப் புதன்கிழமை அவ ரெண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டா பாரு. சிரிச்சுக்கிட்டே, மேட்டுல எந்த ரூம் கிடைக்கும், ஜன்னல்லருந்து என் அடுப்பு தெரியுமான்னு கேட்டுக்கிட்டே சாப்பிட்டா. தெரியும்னு சொன்னேன். அதை மட்டும் என்னால முழுங்க முடியல. அந்த ரெண்டு நாளை நீ எங்களுக்குக் குடுத்திருக்கவே கூடாது."

எனக்கு அழுகை வந்தது. துடைக்கக் கையுறைதான் இருந்தது. அது முழுக்கப் பனி.

"சரி, வந்துட்ட இல்ல," என்றாள் ஜினெட். "அந்தப் பக்கத்துலருந்து வாரிக்கிட்டு வா. ஆடெல் மூணு மணிக்கு வந்துடுவா."

நான் ரோட்டுப் பக்கத்திலிருந்து வார ஆரம்பித்தேன்.